அவரே இறங்குகிறேன் என்கிறாரே!

கேள்வி: எங்கள் செப்டிக் டேங்க் ஒன்பது வருடம் கழித்து நிரம்பிவிட்டது. லாரிக்காரர் மேல் தண்ணீரை உறிஞ்சிவிட்டு, ‘அடியில் மண்டி இறுகிக் கிடக்கு, ஆள் இறங்கினால்தான் ஆகும்’ என்று போய்விட்டார். எங்கள் தெருவில் எல்லா வேலைக்கும் வருகிற ஒருவர், ‘2,500 ரூபாய் கொடுங்கம்மா, நானே இறங்குறேன்’ என்கிறார். அவருக்கும் பணத்தேவை. அவர் சம்மதித்துச் செய்வதில் தப்பு உண்டா?
– தாம்பரம் வாசகி

பதில்: அவரை இறக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

சம்மதம் என்கிறீர்கள். அதே 2,500 ரூபாய்க்கு ‘ஒட்டடை அடிக்கிறீர்களா, டேங்கில் இறங்குகிறீர்களா’ என்று கேட்டுப் பாருங்கள், எதற்கு வருவார் என்று தெரிந்துவிடும். சட்டமும் சம்மதத்தைப் பார்ப்பதில்லை. உரிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஒருவரை செப்டிக் டேங்கில் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்கு வைத்த வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும்.

‘ஒரு நாள் மூடியைத் திறந்து வைத்தால் வாயு போயிடும்’ என்று யாராவது சொல்வார்கள். மேலே நிற்கிற வாயு போகலாம். மண்டிக்குள் அடைபட்ட ஹைட்ரஜன் சல்பைடு, மிதித்துக் கிளறும்போதுதான் கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து அதுவும் தெரியாது. ‘நாற்றம் போயிடுச்சு’ என்று அவர் நினைக்கிற நேரம்தான் மோசமான நேரம். சிலர் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு எரிந்தால் உள்ளே ஆக்சிஜன் இருக்கிறது, அவ்வளவுதான். விஷம் இல்லை என்று அர்த்தமில்லை. மீத்தேன் சேர்ந்திருந்தால் வெடிக்கவும் செய்யும். விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார். செப்டிக் டேங்க் சாவுச் செய்திகளில் இரண்டு மூன்று பெயர்கள் சேர்ந்தே வருவது அதனால்தான்.

சரி, மண்டியை என்ன செய்வது? வெளியில் நின்றபடியே தண்ணீரை வேகமாகப் பாய்ச்சி, நீளக் கழியால் கலக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இளகிவிடும், பிறகு உறிஞ்சலாம். இரண்டு நடை ஆகலாம், செலவும் கூடும். அந்தக் கூடுதல் பணத்தை மிச்சம் பிடிக்கத்தானே ஆளை இறக்குகிறோம்? உரிமம் உள்ள லாரிக்கு 14420 என்ற உதவி எண்ணில் கேளுங்கள். எங்கே கொட்டுவீர்கள் என்றும் லாரிக்காரரைக் கேளுங்கள். மழுப்பினால் பக்கத்து ஏரியில்தான் கொட்டுவார்.

அவருடைய பணத்தேவை நிஜம். நீங்கள் மறுத்தால் அடுத்த தெருவில் இறங்குவார் என்பதும் நிஜம். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஒன்பது வருட வீட்டில் வெள்ளையடிக்க, மொட்டைமாடி கழுவ, தோட்டம் கொத்த வேலை இருக்குமே. அந்த 2,500 ரூபாயை அதற்குக் கொடுங்கள், ஏன் இறங்க விடவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். அடுத்த தடவை மூன்றாம் வருடமே லாரியைக் கூப்பிடுங்கள், மண்டி இந்த அளவுக்கு இறுகாது.