பிள்ளைகளின் துணிகளைப் பெற்றோர் இஸ்திரி போட்டுத்தான் ஆக வேண்டுமா?

பள்ளிச் சீருடைக்குப் போடுங்கள். வீட்டில் விளையாடும் துணிக்குத் தேவையே இல்லை. சூடும் ஈரமும் சேர்ந்து நூலிழையை இளக்க, அழுத்தி நேராக்கி ஆறவிடுவதுதான் இஸ்திரி. ஈரத்தலையைப் பின்னிக் காயவிட்டால் முடி நெளிந்தே நிற்கிறதல்லவா, அதுபோலத்தான்.

அதனால் மதுரை வெயிலில் மொறமொறவென்று காய்ந்த பருத்திச் சட்டையை அப்படியே தேய்த்தால் சுருக்கம் போகாது. தண்ணீர் தெளித்து, சுருட்டி வைத்து, 10 நிமிடம் கழித்துத் தேயுங்கள். இஸ்திரிப்பெட்டியின் திருகில் பருத்திக்கு மூன்று புள்ளிச் சூடு, பாலியஸ்டர் கலந்த சீருடைக்கு இரண்டு. மீறினால் இழை உருகிப் பளபளக்கும். அந்தத் தடம் பிறகு போகவே போகாது. தெருமுனை வண்டியில் கரிப்பெட்டிக்குச் சூடு குறைக்கும் திருகு கிடையாது. கலப்புத் துணி என்று சொல்லிக் கொடுத்தால் மேலே ஈரத்துணி விரித்துத் தேய்ப்பார்கள். சுங்குடிப் பாவாடையை உட்புறம் திருப்பிக்கொள்ளுங்கள்.

தேய்த்தால் அழுக்கும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் சூடு பட்டால் சாம்பார்க் கறை இன்னும் ஆழமாகப் பதியும்.