‘பாசாங்கு நகை’ என்று எழுதலாமா?

உங்கள் கதையில் தங்கம்போல் காட்டும் சங்கிலியை அப்படி எழுதியிருக்கிறீர்கள்; அதற்கு ‘போலி நகை’தான் சரி. ‘பாசாங்கு’ ஆள் செய்கிற வேலை: பள்ளிக்கூடம் போகப் பிடிக்காத பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பானே, அது.

இரண்டிலும் பொய் இருப்பதால் குழம்பியிருப்பீர்கள்.

பக்கத்தில் ‘செய்தான்’ போட்டுப் பாருங்கள். ‘தூங்குவதுபோல் பாசாங்கு செய்தான்’ நிற்கும். ‘தூங்குவதுபோல் போலி செய்தான்’ நொண்டும்.

ஆனால் ‘போலி’ ஆளுக்கும் வரும். போலி டாக்டர் என்றால் அவர் டாக்டரே இல்லை. படித்த டாக்டரே அக்கறை இருப்பதுபோல் நடித்தால் அது பாசாங்கு.

(இலக்கணத்தில் அறம் ‘அறன்’ ஆவதும் போலிதான்; எழுத்து மாறியும் பொருள் மாறாது, அதில் ஏமாற்று இல்லை.)

நகை என்று சிரிப்பைச் சொல்லியிருந்தால் மட்டும் உங்கள் தொடரை அப்படியே விட்டுவிடுங்கள்.