எண் பட்டியலை விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: பவானியில் ஜமக்காளமும் போர்வையும் விற்கும் கடை நடத்துகிறோம். ஈரோடு, கோவை, திருப்பூர் மாவட்டங்களைச் சேர்ந்த ஒரு லட்சம் கைப்பேசி எண்களை விலைக்குத் தருவதாக ஒருவர் கூறுகிறார். அவற்றுக்குக் குறுஞ்செய்தியும் வாட்ஸ்அப் செய்தியும் அனுப்பினால் ஆவணி முகூர்த்த வியாபாரம் கூடும் என்கிறார். வாங்கலாமா?
– வாசகர், பவானி

பதில்: வாங்க வேண்டாம். அந்த எண்களுக்கு உரியவர்கள் எவரும் உங்கள் கடையிலிருந்து செய்தி வருவதற்குச் சம்மதம் தந்தவர்கள் அல்லர். 2018-இல் டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி, விளம்பரக் குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனம் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி எனப்படும் இணையப் பதிவேட்டுத் தளத்தில் பதிவு செய்து, ஹெடர் எனப்படும் அனுப்புநர் பெயருக்கும் டெம்ப்ளேட் எனப்படும் செய்தி வாசகத்துக்கும் முன்கூட்டியே ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். இதைச் செய்யாமல் சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து விளம்பரம் அனுப்பி, பெற்றவர்கள் புகார் செய்தால், அந்த இணைப்பே துண்டிக்கப்படக்கூடும். கடைப் பலகையிலும் பில்லிலும் அச்சிட்டிருக்கும் எண் அதுவாக இருந்தால், நெடுநாள் வாடிக்கையாளர்கள்கூட உங்களை அழைக்க முடியாமல் போகும்.

வாட்ஸ்அப்பிலும் இதே நிலைதான். பிஸினஸ் செயலியில், ஒரே செய்தியைப் பலருக்கு ஒருசேர அனுப்ப உதவும் பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே சென்று சேரும். முன்பின் அறியாதவர்களுக்குத் தனித்தனியே அனுப்பினாலோ, பலர் புகார் செய்து கணக்கு முடங்க நேரிடும்.

உங்களிடம் இதைவிட நல்ல பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. அது உங்கள் பில் புத்தகம். அஞ்சல்வழி வியாபாரம் செய்தவர்கள் வாடிக்கையாளரைப் பல்லாண்டுகளாக மூன்று கேள்விகளால்தான் தரம் பிரித்தார்கள்: கடைசியாக எப்போது வாங்கினார், எத்தனை முறை வாங்கினார், எவ்வளவு தொகைக்கு வாங்கினார். இவற்றுள் முதல் கேள்விக்கே பெரும்பாலும் முதலிடம் தந்தார்கள், ஏனெனில் அண்மையில் வாங்கியவரே மீண்டும் வாங்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஜமக்காளம் பல ஆண்டுகள் உழைக்கும் பொருள் என்பதால், உங்கள் தொழிலில் நான்காவதாக ஒன்றையும் குறித்துக்கொள்வது நல்லது: என்ன அளவு, எந்த விசேஷத்துக்கு என்பது. மூத்த மகளின் கல்யாணத்துக்குப் பெரிய விரிப்பு வாங்கிய கோபிசெட்டிபாளையம் குடும்பத்துக்கு, அடுத்த பெண்ணின் கல்யாணத்தின்போது நினைவூட்டுவது தொந்தரவாகாது, அக்கறையாகவே படும். பில் போடும்போதே “புதுச் சரக்கு வந்தால் தெரிவிக்கலாமா?” என்று கேட்டு, ஒப்புக்கொண்டவரின் பெயருக்கு எதிரே தேதியுடன் குறித்துவையுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தையே அடிப்படையாக வைக்கிறது. தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் தருவதைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே ‘வேண்டாம்’ என்று ஒருவர் பதில் அனுப்பினால் அன்றே பெயரை நீக்கிவிடுங்கள்.

முதலில் இருநூறு பேருக்கு மட்டும் அனுப்பிப் பாருங்கள். பாதிப் பேருக்கு விலையையும், மீதிப் பேருக்குக் கைத்தறி நெசவின் படத்தையும் அனுப்பி, எதைப் பார்த்து அதிகம் பேர் கடைக்கு வந்தார்கள் என்று எண்ணிய பிறகு மற்றவர்களுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: மனை விற்பனை அழைப்புகள் ஓயவில்லை. என்ன செய்வது?
– வாசகி, திருச்செங்கோடு

பதில்: 1909 என்ற எண்ணை அழைத்தோ, டிராயின் டிஎன்டி (தொந்தரவு செய்யாதீர்) செயலி வழியாகவோ உங்கள் விருப்பத்தைப் பதிவு செய்யுங்கள், எல்லா விளம்பரங்களையும் தடுக்கலாம், மனை விற்பனை என்ற ஒரு வகையை மட்டும் தடுப்பதற்கும் வழியுண்டு. முறைப்படி பதிவு செய்த விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்து வரும். அப்படியின்றிச் சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால், எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு 7 நாட்களுக்குள் புகார் செய்யுங்கள். முன்பு 3 நாட்களாக இருந்த இந்த அவகாசம் 2025-இல் கூட்டப்பட்டது.