ஜூன் 30 வரைதான் வேலை

சென்ற இதழில் இங்கிலாந்தின் கீழ்நிலைக் கால்பந்து லீக்குகளில் கிளப் கிளப்பாக மாறி ஆடும் ஸ்ட்ரைக்கர்களை, அதாவது கோல் அடிப்பதே வேலையான முன்வரிசை ஆட்டக்காரர்களை, பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். இங்கே 'ஜர்னிமேன்' என்பார்கள், நான் 'ஊர்சுற்றி ஸ்ட்ரைக்கர்' என்று எழுதினேன். பிரீமியர் லீக்கைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியபோது வராத கடிதங்கள் இந்த நாலு வரிக்கு வந்திருக்கின்றன. அதில் பாதி திட்டு. சரி, இந்த முறை முழுக்க அவர்களுக்கே.

கேள்வி: பதினைந்து கிளப்பில் ஆடியவர் என்றால் பதினான்கு கிளப் அவரை வேண்டாம் என்று அனுப்பியிருக்கிறது. இவரை ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள்? (லெஸ்டர் வாசகர்)

பதில்: கணக்கில் பாதியைத்தான் போட்டிருக்கிறீர்கள். பதினான்கு கிளப் அனுப்பியது உண்மை. பதினைந்து கிளப் சம்பளம் தருகிறேன் வா என்று கூப்பிட்டதும் உண்மை. எத்தனை பேரை வாழ்க்கையில் பதினைந்து முறை கூப்பிடுகிறார்கள்?

பிரீமியர் லீக்கில் 20 அணிகள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று படிக்கு 24 வீதம் 72. அதற்கும் கீழே நேஷனல் லீக், பிறகு வட்டார லீக்குகள் என்று படிக்கட்டு இறங்கிக்கொண்டே போகும். லீக் டூ பக்கம் ஒப்பந்தம் ஓராண்டுக்குப் போடுவார்கள், மிஞ்சிப்போனால் இரண்டு. ஜூன் 30 அன்று முடியும். சீசன் முடிந்து மே மாதத்தில் கிளப் ஒரு பட்டியல் வெளியிடும். யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று. 'ரீடெயின்ட் லிஸ்ட்' என்று பெயர். பெயர் இல்லாதவர் 'ரிலீஸ்' ஆனவர். சிறையிலிருந்து வந்தவர் மாதிரிதான் அந்தச் சொல் காதில் விழும்.

இதில் ஸ்ட்ரைக்கர் பாடு தனி. அணி மேல் லீக்குக்கு ஏறினால், அங்கே ஆட இவர் போதாது என்று விடுவார்கள், ஏற்றிவிட்ட கோல்களே இவருடையதாக இருந்தாலும். அணி இறங்கினால், இவருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று விடுவார்கள். ஏறாமல் இறங்காமல் அப்படியே இருந்தால் மேனேஜரை மாற்றுவார்கள். புது மேனேஜர் தனக்குத் தெரிந்த ஸ்ட்ரைக்கரைக் கூட்டி வருவார். அந்தத் தெரிந்த ஆள் யார்? வேறொரு கிளப்பின் மே மாதப் பட்டியலில் பெயர் இல்லாதவர். தடுப்பாட்டக்காரர் சுமாராக ஆடினால் பத்துப் பேருக்குத்தான் தெரியும். ஸ்ட்ரைக்கர் எட்டு ஆட்டம் கோல் அடிக்காவிட்டால் அந்த எட்டு என்ற எண்ணே பத்திரிகையில் வந்துவிடும்.

நான் நார்தாம்ப்டனில் எம்1 நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பெட்ரோல் நிலையத்தில் பதினோரு வருடம் கல்லாவில் இருந்தவன். காலை ஏழரைக்கு என் இரவு ஷிஃப்ட் முடியும் நேரத்தில் நான்கு பேர் நான்கு காரில் வருவார்கள். மூன்று காரை ஓரமாக விட்டுவிட்டு நாலு பேரும் ஒரு காரில் ஏறி வடக்கே போவார்கள். பயிற்சிக்குப் போகும் ஆட்டக்காரர்கள் என்று உடையிலிருந்த சின்னத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆண்டுக்கொரு கிளப் ஒவ்வொரு ஊரில் கிடைக்கும்போது வீட்டை மாற்ற முடியுமா? குழந்தையின் பள்ளிக்கூடம் இருக்கிறது. அதனால் நாட்டின் நடுவே வீட்டை வைத்துக்கொண்டு, எந்த ஊரில் வேலையோ அங்கே நெடுஞ்சாலையில் போய் வருவது. பெட்ரோல் காசைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். 'கார் ஸ்கூல்' என்பது அவர்கள் வைத்த பெயர்.

அவர்களில் மூத்தவர் ஒருவர், முப்பத்திரண்டு முப்பத்து மூன்று இருக்கும். தினமும் இரண்டு வாழைப்பழம், ஒரு தண்ணீர், ஒரு சுரண்டல் லாட்டரி. ஒரு மே மாதத்துக்குப் பிறகு மூன்று பேர்தான் வந்தார்கள். நான் கேட்கவில்லை. ஆகஸ்டில் அவர் மறுபடி வந்தார், தனியாக, வேறு சின்னம் போட்ட உடையில். அதே வாழைப்பழம், அதே லாட்டரி. கார் மட்டும் தெற்கே திரும்பியது.

அவரைத் தோற்றவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஊர் மாறியது அவர் குணமல்ல, அந்த வேலையில் கூலி கொடுக்கும் முறை அப்படி.

கேள்வி: ஸ்ட்ரைக்கர் அகின்ஃபென்வா அவ்வளவு பெரிய உடம்போடு எப்படி ஓடினார்? வீடியோ கேமில் பலசாலி என்பது தவிர அவர் என்ன சாதித்தார்? (ஹாரோ வாசகர், வயது 14)

பதில்: தம்பி, அவர் ஓடவில்லை. மற்றவர்கள் அவரைச் சுற்றி ஓடினார்கள். சுமார் நூறு கிலோ உடம்பு. பின்னாலிருந்து நீளமாக அடித்த பந்தை மார்பில் வாங்கி, தடுப்பாட்டக்காரரை முதுகில் சுமந்தபடி, பக்கத்தில் வருபவருக்குத் தட்டிவிடுவது அவர் தொழில். அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிய வேண்டுமானால் உன் அப்பாவை முதுகில் சாய்ந்துகொள்ளச் சொல்லி ஒரு பந்தை நிறுத்திப் பார்.

லண்டனில் 1982-ல் பிறந்தவர். இங்கே இடம் கிடைக்காமல் லிதுவேனியாவுக்குப் போய் அட்லாண்டாஸ் என்ற கிளப்பில் ஆடினார். நிறவெறிக் கூச்சலை அங்கே சகித்துக்கொண்டு ஆடியதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து 2003-04 சீசனில் மட்டும் பாஸ்டன் யுனைடெட், லேட்டன் ஓரியண்ட், ரஷ்டன், டான்காஸ்டர் என்று நாலு இங்கிலாந்து கிளப். அப்புறம் டார்க்கி, ஸ்வான்சி, மில்வால், எங்கள் நார்தாம்ப்டன், கில்லிங்கம், மறுபடி நார்தாம்ப்டன், மறுபடி கில்லிங்கம்.

இரண்டு பெனால்டிகளைச் சொல்கிறேன். 2006-ல் லீக் ஒன் பிளே-ஆஃப் (மேல் லீக்குக்கு ஏறும் கடைசி இடத்துக்கான ஆட்டங்கள்) இறுதி, கார்டிஃபில். ஸ்வான்சிக்கும் பார்ன்ஸ்லிக்கும் சமநிலை, பெனால்டியில் முடிவு. அகின்ஃபென்வா அடித்த பந்து கம்பத்துக்கு மேலே போனது. ஸ்வான்சி தோற்றது. பத்து வருடம் கழித்து 2016 மே மாதம், வெம்ப்ளியில் லீக் டூ பிளே-ஆஃப் இறுதி. அப்போது இவர் ஆடிய கிளப்பான விம்பிள்டன் பிளிமத்தை 1-0 என்று முந்திக்கொண்டிருக்கிறது. ஆட்டம் முடியும் தறுவாயில், நடுவர் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் ஒரு பெனால்டி. அடிக்க வேண்டியவர் வேறொருவர். இவர் பந்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அடித்தார், கோல். கிளப் லீக் ஒன்னுக்கு ஏறியது.

ஆட்டம் முடிந்த கையோடு டிவி மைக்கைப் பிடித்து அவர் சொன்னதன் சாரம்: இப்போது எனக்கு வேலை இல்லை, எந்த மேனேஜருக்காவது ஆள் வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் வாருங்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அவர் சொன்னது உண்மை நிலவரம். மேலே ஏற்றிவிட்டவருக்கு மே மாதப் பட்டியலில் இடமில்லை. வைகம் கூப்பிட்டுக்கொண்டது. அங்கே ஆறு சீசன். 2020-ல் அந்த கிளப் தன் வரலாற்றிலேயே முதல்முறையாகச் சாம்பியன்ஷிப்புக்குப் போனது. 2022-ல், நாற்பது வயதில் நிறுத்தினார்.

கேள்வி: என் மகனுக்குப் பதினாறு வயது. ஒன்பது வயதிலிருந்து ஒரு பெரிய கிளப்பின் அகாடமியில் இருந்தான், ஸ்ட்ரைக்கர். போன மாதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அறையை விட்டு வெளியே வருவதில்லை. ஜேமி வார்டி கதையைச் சொன்னால் கோபப்படுகிறான். என்ன செய்வது? (பர்மிங்காம் வாசகி)

பதில்: அம்மா, அவன் கோபம் நியாயம்தான். முதலில் வார்டி கதையை நிறுத்துங்கள். பதினாறு வயதில் ஷெஃபீல்ட் வென்ஸ்டே கிளப் விட்டுவிட்டது, ஸ்டாக்ஸ்பிரிட்ஜில் வாரம் 30 பவுண்டுக்கு ஆடினார், பகலில் அடிபட்ட கைகால்களுக்குக் கட்டும் மருத்துவச் சட்டங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை, 2012-ல் பத்து லட்சம் பவுண்டுக்கு லெஸ்டர், 2016-ல் பிரீமியர் லீக் பட்டம். எல்லாம் நடந்தது. ஆனால் இந்தக் கதையைச் சொல்லும் ஒவ்வொருவரும் அவனிடம் மறைமுகமாக 'நீயும் அப்படி ஆகாவிட்டால்?' என்று கேட்கிறார்கள்.

வேறு கதை சொல்கிறேன். ரிக்கி லாம்பர்ட்டை லிவர்பூல் பதினைந்து வயதில் விட்டது. பிளாக்பூலும் விட்ட பிறகு பீட்ரூட் ஜாடிகளுக்கு மூடி திருகும் வேலைக்குப் போனார். மாக்கிள்ஸ்ஃபீல்ட், ஸ்டாக்போர்ட், ராச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ் என்று போய், 2009-ல் லீக் ஒன்னில் இருந்த சவுத்தாம்ப்டனுக்கு வந்து, அவர்களோடு இரண்டு படி ஏறினார். 2013 ஆகஸ்டில், முப்பத்தொரு வயதில், இங்கிலாந்துக்காக வெம்ப்ளியில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இறங்கி, பந்தைத் தொட்ட முதல் தொடுதலிலேயே தலையால் கோல். இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கோல் அல்ல. ராச்டேலில் ஆடிய வருடங்கள். செவ்வாய் இரவு, மழை, சில ஆயிரம் பேர். அந்த ஆட்டங்களைப் பிடித்துப்போய் ஆடினால்தான் அத்தனை வருடம் ஆட முடியும்.

டீன் வின்டாஸையும் ஹல் சிட்டி இளம் வயதில் விட்டது. உறைந்த பட்டாணியைப் பொட்டலம் கட்டினார், கட்டட வேலை பார்த்தார். 2008-ல், முப்பத்தொன்பது வயதில், அதே ஹல்லுக்காக வெம்ப்ளியில் அடித்த ஒரு வாலி (பந்து தரையில் படும் முன் அடிக்கும் அடி) அந்த ஊரை முதல்முறையாக மேல்மட்டமான பிரீமியர் லீக்குக்குக் கொண்டுபோனது.

இப்போது செய்ய வேண்டியது. இரண்டு மூன்று வாரம் அவனை விட்டுவிடுங்கள். கல்லூரிச் சேர்க்கையை மட்டும் தவறவிடாதீர்கள், அதில் பிடிவாதமாக இருங்கள். ஜூலையில் உள்ளூர் நான்-லீக் (அந்த நாலு பெரிய லீக்குகளுக்கும் கீழே ஆடும்) கிளப்புகள் சீசனுக்கு முந்தைய பயிற்சி தொடங்கும். அங்கே போய் நிற்கலாம். டிரயல் (தேர்வு ஆட்டம்) ஏற்பாடு செய்கிறேன் என்று பணம் கேட்டு வருபவருக்கு ஒரு பென்னிகூடக் கொடுக்காதீர்கள். அகாடமியில் அவனோடு ஆடியவர்கள் எல்லாம் அவன் வயதுப் பையன்கள். அங்கே முப்பது வயதுப் பிளம்பர் ஒருவர் முழங்கையால் விலாவில் இடிப்பார், அப்புறம் கைகொடுத்துத் தூக்கிவிடுவார். பிடித்திருந்தால் ஆடட்டும். பிடிக்காவிட்டால் விட்டுவிடட்டும், அதுவும் ஒன்றும் குறைவில்லை.

கேள்வி: இங்கிலாந்து லீக்கில் அதிக கோல் அடித்தவர் ஷியரரா, கிரீவ்ஸா? நண்பர்களுக்குள் பந்தயம். (குரோய்டன் வாசகர்)

பதில்: இருவரும் பணத்தை எனக்கு அனுப்பிவிடுங்கள். ஆர்தர் ரௌலி, 434 லீக் கோல்கள். வெஸ்ட் பிராம், ஃபுல்ஹாம், லெஸ்டர், கடைசியில் ஷ்ரூஸ்பரி. 1965-ல் நிறுத்தினார். எல்லா டிவிஷனையும் சேர்த்த கணக்கு இது, பெரும்பகுதி கீழ் டிவிஷன்களில் அடித்தது. அதனால்தான் உங்கள் பந்தயத்தில் அவர் பெயரே வரவில்லை.

கேள்வி: எல்லாப் படியிலும் கோல் அடித்தவர் யாராவது உண்டா? (ஈஸ்ட் ஹாம் வாசகி)

பதில்: ஜேமி கியூரட்டன். நாரிச்சில் தொடங்கி, 2006-07-ல் கோல்செஸ்டருக்காக 23 கோல் அடித்து சாம்பியன்ஷிப்பில் முதலிடம். நடுவே கொரியாவில்கூட ஆடினார். நாற்பதைத் தாண்டியும் நிறுத்தவில்லை, படி படியாக இறங்கி, மேலிருந்து பத்துப் படிகளிலும் கோல் அடித்த முதல் ஆள் ஆனார். ஏறிப்போனவர்களைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுவார்கள். ஒவ்வொரு படியாக இறங்கி, இறங்கிய இடத்திலும் கோல் அடிக்க எவ்வளவு ஆசை இருக்க வேண்டும்!

கேள்வி: பெரிய கிளப் எதையும் ஆதரிக்காமல் ஏன் நார்தாம்ப்டனைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்? ஒரு கோப்பையாவது உண்டா? (மில்டன் கீன்ஸ் வாசகர்)

பதில்: வீட்டிலிருந்து நடந்து போகலாம், அதுதான் காரணம். ஒரு காலத்தில் சிக்ஸ்ஃபீல்ட்ஸ் மைதானத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில் நின்றால் டிக்கெட் இல்லாமலே பார்க்கலாம். அது இரண்டாவது காரணம்.

கோப்பை என்று கேட்டதால் 2013-ஐச் சொல்லிவிடுகிறேன். மே 18, வெம்ப்ளி, லீக் டூ பிளே-ஆஃப் இறுதி. எங்கள் பக்கம் அகின்ஃபென்வா, எதிரே பிராட்ஃபோர்ட் சிட்டி. அரை மணி நேரத்துக்குள் 0-3. அத்தோடு முடிந்தது. முதல் கோல் ஜேம்ஸ் ஹான்சன், தலையால். அந்த ஜனவரியில்தான் நாலாம் டிவிஷன் கிளப்பில் இருந்துகொண்டு ஆஸ்டன் வில்லா மைதானத்தில் கோல் அடித்து, தன் அணியை லீக் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனவர். நான்கு வருடம் முன்பு வரை நான்-லீக்கில் ஆடிக்கொண்டே ஒரு கோ-ஆப் கடையில் அலமாரி அடுக்கியவர்.

நான் அன்று மாலை ரயில் பிடித்து வந்து, உடுப்பை மாற்றிக்கொண்டு, பத்து மணி ஷிஃப்டுக்குப் போய் அலமாரி அடுக்கினேன்.