2147483647: கேட்டதும் சொன்னதும்

போன வாரம் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லும்போது இந்த எண்ணைப் பலகையில் எழுதி, இது பகா எண் (1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்) என்று சொன்னேன். அதிலிருந்து கேள்விமேல் கேள்வி வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த எண். ஆசையாகவே பதில் சொல்கிறேன்.

தேவிபட்டினம் அக்கா ஒருவர்: இவ்வளவு நீளமான எண்ணை எங்கே பிடித்தீர்கள் சார்?

பல்லாங்குழியில்தான் அக்கா. முதல் குழியில் 1 சோழி, அடுத்ததில் 2, அப்புறம் 4 என்று இரட்டித்துக்கொண்டே போங்கள். மூன்று குழிக்கு மொத்தம் 7. நான்காவது குழிக்கு வேண்டியது 8. எத்தனை குழி போனாலும் மொத்தம், அடுத்த குழிக்கு வேண்டியதைவிட ஒன்று குறைவாகவே இருக்கும். கரையில் பிள்ளைகள் பொறுக்கி வந்த சிப்பி ஒன்பதாவது குழியோடு தீர்ந்துவிட்டது. பத்தாவதுக்கு மட்டும் 512 வேண்டும். 31 குழி இருந்தால் மொத்தம் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647.

பாம்பன் தம்பி: பகா எண் என்கிறீர்களே, யார் சார் வகுத்துப் பார்த்தது?

ஆய்லர் என்ற கணித மேதை. 1772-இல் வெளியான ஒரு கடிதத்தில் சொன்னார். கண்பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்த காலம் அது. சாதாரணமாக 46340 வரையுள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுக்க வேண்டும். ஆனால் இதற்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அதை 62-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தாக வேண்டும். 63, 125, 187, 249 இவற்றில் ஒன்றுகூடப் பகா எண் இல்லை. ஆக, முதலில் வகுத்துப் பார்க்க வேண்டியதே 311. நேற்று இரவு கையால் போட்டுப் பார்த்தேன், மீதி 35. அதற்குக் கீழே உள்ள 3, 7, 13 எதையும் தொடவே வேண்டாம் தம்பி! இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

தொண்டி மாணவி: 31 பகா எண் என்பதால்தான் இதுவும் பகா எண்ணா?

அது மட்டும் போதாதும்மா. 11 குழி போட்டுப் பார். 2047 வரும். அது 23 × 89.

கீழக்கரை வாசகர்: நிறைவெண்ணுக்கும் இதற்கும் என்ன உறவு?

6-ஐப் பாருங்கள், 1 + 2 + 3. தன்னைவிடச் சிறிய காரணிகளைக் கூட்டினால் தானே வரும். நம் எண்ணை 31-ஆவது குழியின் சோழிக் கணக்கால் பெருக்கினால் அப்படி ஒரு நிறைவெண் கிடைக்கும்: 2305843008139952128. இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று 1811-இல் பார்லோ என்ற கணித அறிஞர் எழுதினார். 1876-இல் லூக்கா என்ற கணித அறிஞர் 127 குழியின் மொத்தமும் பகா எண் என்று நிறுவியதும், அதிலிருந்து இன்னும் பெரிய நிறைவெண் கிடைத்து, அந்தப் பேச்சு பொய்த்தது.

ராமேஸ்வரம் அண்ணன்: 2038-இல் கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்கிறார்களே?

நிற்காது அண்ணே, தேதிதான் குழம்பும். பழைய முறையில் 1970 தொடக்கத்திலிருந்து எத்தனை விநாடி என்று 32 பிட்டில், அதாவது 0 அல்லது 1 எழுதும் 32 இடங்களில், எண்ணுவார்கள். ஒரு பிட் கூட்டல் கழித்தல் குறிக்குப் போய்விடும். மீதி 31, அதாவது நம் 31 குழிகள். 2038 ஜனவரி 19 காலை, நம் நேரப்படி 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு எல்லாம் நிரம்பிவிடும். அடுத்த விநாடி அந்தக் கணக்கு 1901 டிசம்பருக்குத் தாவும். 64 பிட்டில் நேரம் எண்ணும் இப்போதைய போன்களுக்குப் பயமில்லை.