அப்பத்தா போகும், வரும்

அன்புள்ள ஐயா,

திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். பி.காம். இறுதியாண்டு. போன வாரம் ஒரு நேர்முகத் தேர்வில் சின்ன வயதைப் பற்றிக் கேட்டார்கள். அப்பத்தா பூ விற்றதையும், லீவு நாளில் நானும் கூடவே போனதையும் சொன்னேன். "எவ்ரி சண்டே ஐ வாஸ் கோயிங் வித் ஹெர்" என்றதும் ஒருவர் சிரித்துவிட்டு, "யூஸ்ட் டு கோ" என்று திருத்தினார். அதன்பிறகு எனக்குப் பேச்சே வரவில்லை. வென்ட், வாஸ் கோயிங், யூஸ்ட் டு, வுட், ஹேட் கான்... எதை எங்கே சொல்வது? அப்பத்தா இப்போது முட்டிவலியால் வியாபாரத்தை விட்டுவிட்டது. வீட்டிலிருந்தே பூக்கட்டுகிறது.

ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

அவர் சிரித்திருக்கக் கூடாது. உங்கள் வாக்கியத்துக்குள் இருந்தது தமிழ். "போய்க்கிட்டிருந்தேன்" என்றால் அந்த நிமிடம் வழியில் இருந்தேன் என்றும் ஆகும், வாராவாரம் போனேன் என்றும் ஆகும். ஆங்கிலத்தின் "வாஸ் கோயிங்" பெரும்பாலும் முதல் பொருளோடு நின்றுவிடும். அப்பத்தா பூக்கட்டிக்கொண்டிருந்தபோது பஸ் வந்தது என்பீர்களே, அந்த மாதிரி இடத்துக்குத்தான் அது.

வாராவாரம் போனதற்கு வெறும் "வென்ட்" போதும். "எவ்ரி சண்டே" என்று சேர்த்தால் வழக்கம் என்பது தானே புரிந்துவிடும். பதற்றமாக இருக்கும்போது இதையே சொல்லுங்கள், தப்பு வராது.

"வுட்" உங்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. பழைய கதையை வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்? "அப்பத்தா விடியுமுன்னே எந்திரிக்கும். மாட்டுத்தாவணி போயி உதிரிப்பூ வாங்கும். பஸ் ஸ்டாண்டுல உக்காந்து கட்டும், முழம் போட்டு விக்கும்." முடிந்துபோன கதைதான், ஆனால் வினையெல்லாம் எதிர்கால உருவத்தில் நிற்கிறது. வழக்கமாக நடந்ததை நாம் அப்படித்தான் சொல்கிறோம். ஆங்கிலமும் அதே வேலைக்கு "வில்"லின் இறந்தகால வடிவமான "வுட்"டை எடுத்துக்கொண்டிருக்கிறது. எங்கோ பிறந்த இரண்டு மொழிகள் இப்படி ஒரே படியில் வந்து உட்கார்வதைப் பார்த்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது. ஆகவே கட்டும், விக்கும் என்று வருகிற இடத்தில் தைரியமாக "வுட்" போடுங்கள். "வாசல்ல ஒரு வேப்பமரம் இருக்கும்" என்பதற்கு மட்டும் அது ஒட்டாது. மரம் எதையும் திரும்பத் திரும்பச் செய்யவில்லை, சும்மா இருந்தது. அங்கே "யூஸ்ட் டு பி".

அடுத்தது "ஹேட் கான்". "நேத்து அழகர்கோயிலுக்குப் போயிருந்தேன்" என்று நாம் தனியாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் அதற்கு "வென்ட்"தான். "ஹேட்" வரவேண்டுமானால் அதற்குப் பிந்திய இன்னொன்று கூட நடந்திருக்க வேண்டும். சித்திரைத் திருவிழாவில் கூட்டத்துக்குள் நசுங்கி வைகைக் கரைக்கு வந்து சேர்கிறீர்கள், அதற்குள் அழகர் ஆற்றில் இறங்கியாயிற்று. நீங்கள் வந்தது "கேம்". அவர் இறங்கியது "ஹேட் என்டர்ட்".

"யூஸ்ட் டு"வுக்குள் பொதுவாக 'இப்போது இல்லை' என்பதும் சேர்ந்தே வரும். அதனால் அடுத்த முறை இப்படித் தொடங்குங்கள்: "மை அப்பத்தா யூஸ்ட் டு செல் ஃப்ளவர்ஸ். எவ்ரி சண்டே ஐ வுட் கோ வித் ஹெர்." முட்டிவலியோடு இன்னும் கட்டுகிறதே, அதை மட்டும் இறந்தகாலத்தில் சொல்லிவிடாதீர்கள். "ஷீ ஸ்டில் ஸ்ட்ரிங்ஸ் தெம் அட் ஹோம்."