திரை கறுத்தால் என்ன செய்வது? கணினி கேள்வி பதில்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்காத டெஸ்க்டொப்களில் லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்; மின்ட், உபுண்டு, டெபியன் எல்லாம் அதன் வகைகள்) போட்டுப் பார்ப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளில், திரை பற்றியவற்றுக்கு மட்டும் இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: பாவித்த டெஸ்க்டொப் ஒன்றில் லினக்ஸ் மின்ட் 22 போடப் பார்க்கிறேன். பென் டிரைவிலிருந்து மெனு வருகிறது. என்டர் அடித்ததும் மின்ட் சின்னம் ஒரு கணம் தெரிந்து, திரை கறுத்துவிடுகிறது. கிராபிக்ஸ் கார்ட் என்விடியா ஜிடி 730. பென் டிரைவில் பிழையா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

மெனுவும் சின்னமும் வந்துவிட்டதால் முதலில் கார்ட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். திரை கறுத்திருக்கும்போதே கீபோர்டில் கெப்ஸ் லொக்கை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருக்கிறது, படம் மட்டும்தான் வரவில்லை.

மெனு வரும்வரை படத்தைக் காட்டுவது பயோஸ் (கம்ப்யூட்டரைத் தொடக்கிவிடும் மதர்போர்ட் மென்பொருள்) அமைத்துக் கொடுத்த எளிய திரை. அதன் பிறகு லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் கார்ட்டைத் தன் கைக்கு எடுத்து, நூவோ என்ற திறந்த டிரைவரை (கார்ட்டை இயக்கும் மென்பொருளை) ஏற்றித் திரையின் அளவை மாற்றும். பழைய என்விடியா கார்ட்கள் பல சறுக்குவது அந்த இடத்தில்தான். இதைத் தவிர்க்க மெனுவிலேயே ‘கொம்பெட்டிபிலிட்டி மோட்’ என்றொரு வரி இருக்கிறது. உபுண்டுவில் அதற்கு ‘சேஃப் கிராபிக்ஸ்’ என்று பெயர். அதைத் தெரிந்து நிறுவுங்கள்.

நிறுவி முடிந்து முதல் தடவை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இயக்கும்போது மறுபடி கறுக்கலாம். அப்போது தொடக்கத்தில் எஸ்கேப்பை ஒரே ஒரு முறை தட்டுங்கள் (பழைய பயோஸ் என்றால் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடியுங்கள்). பதற்றத்தில் பல தடவை தட்டினால் கிரப்பின் (அந்தத் தொடக்க மெனுவைக் காட்டும் நிரலின்) வெறும் கட்டளை வரி வந்து நிற்கும். மெனு வந்ததும் ஆங்கில ‘இ’ (e) விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் முடிவில், ‘குவயட் ஸ்ப்ளாஷ்’ என்பதற்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு ‘நோமோட்செட்’ (nomodeset) என்று சேர்த்தெழுதுங்கள். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து, நடுவில் இடைவெளி இல்லை. பிறகு எஃப்10. இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான் செல்லும்.

பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் தவறு. நோமோட்செட் ஊன்றுகோல் மாதிரி, கால் சரியானதும் எறிந்துவிட வேண்டும். அதை நிரந்தரமாக வைத்திருந்தால் கார்ட் சும்மா கிடக்க, படம் வரையும் வேலை முழுவதும் சிபியு தலையில் விழும். மின்ட்டின் சினமன் திரையின் மூலையில் ‘சொஃப்ட்வெயர் ரென்டரிங் மோட்’ என்ற அறிவிப்பு வருவதும், யூடியூப் இழுத்து இழுத்து ஓடுவதும் இதனால்தான்.

அடுத்து டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டெழுதும் சாளரத்தில்) ‘எல்எஸ்பிசிஐ’ (lspci) கொடுத்து, என்விடியா வரியில் என்ன சிப் என்று பாருங்கள். ஜிடி 730 என்ற ஒரே பெயரில் இருவகைக் கார்ட்கள் விற்கப்பட்டன. ஜிகே208 என்றால் கெப்லர் என்ற சிப் தலைமுறை. மின்ட்டின் டிரைவர் மெனேஜரில் 470 வரிசை கிடைக்கும், அதைப் போடுங்கள். ஜிஎஃப்108 என்றால் அதற்கு முந்திய ஃபெர்மி. அதற்கான 390 வரிசைக்கு 2022 இறுதியோடு ஆதரவு நின்றுவிட்டது. அந்தக் கார்ட்டோடு மல்லுக்கட்டுவதை விட, உங்கள் சிபியுவில் இன்டெல் கிராபிக்ஸ் இருந்தால் கார்ட்டைக் கழற்றிவிட்டு மதர்போர்ட் துளையில் மொனிட்டரைக் கொழுவுவதே நல்லது. இன்டெல்லுக்குத் தனியாக டிரைவர் தேடத் தேவையில்லை.

செக்யூர் பூட் (ஒப்பமிடாத மென்பொருளை ஏற விடாத பாதுகாப்பு) இயங்கும் கம்ப்யூட்டர் என்றால் டிரைவர் போடும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுபடி இயக்கியதும் நீலத் திரை ஒன்று வந்து சில விநாடிகளில் மறைந்துவிடும். அதற்குள் ஒரு விசையைத் தட்டி, ‘என்ரோல் மொக்’ தெரிந்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் டிரைவர் இருந்தும் ஏறாது.

கேள்வி: எச்டிஎம்ஐ துளையில் கன்வெர்ட்டர் போட்டுப் பழைய விஜிஏ மொனிட்டரைக் கொழுவியிருக்கிறேன். மொனிட்டர் 1600x900. உபுண்டுவில் 1024x768க்கு மேல் தெரிவே இல்லை. (வாசகி, வெள்ளவத்தை)

மொனிட்டர் தன் அளவுகளை 128 பைட் தகவலாக கம்ப்யூட்டருக்குச் சொல்லும். இடிஐடி என்பது அதுதான். அது வந்து சேராதபோது கேர்னல் பாதுகாப்பாக 1024x768, 800x600, 640x480 என்ற வகையில் சிலதை மட்டும் காட்டும். விஜிஏ கேபிளில் இந்தத் தகவல் போவது 12ஆம், 15ஆம் ஊசிகளில். பிளக்கைக் கழற்றி வடிவாகப் பாருங்கள். அவற்றில் ஒன்று வளைந்தோ உள்ளே போயோ இருக்கலாம். 9ஆம் ஊசி இல்லாவிட்டால் கவலை வேண்டாம், பல கேபிள்களில் அது இருப்பதில்லை.

ஊசிகள் சரியென்றால் கன்வெர்ட்டரைச் சந்தேகியுங்கள். மலிவானவை சில இந்தத் தகவலைக் கடத்துவதில்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் வாங்கப் போனால், மின்சாரத்துக்குத் தனி யூஎஸ்பி துளை உள்ளதாகப் பார்த்துக் கேளுங்கள். முடிந்தால் கடையிலேயே ஒரு மொனிட்டரில் கொழுவி, முழு அளவு வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

செலவில்லாத வழியும் உண்டு. கிரப் அமைப்புக் கோப்பில் ‘குவயட் ஸ்ப்ளாஷ்’ உள்ள வரியில், மேற்கோள் குறிக்குள்ளேயே ‘வீடியோ’, சமக்குறி, துளையின் பெயர், முக்காற்புள்ளி, 1600x900@60 என்று இடைவெளியின்றிச் சேர்த்து, ‘அப்டேட்-கிரப்’ கட்டளையை சூடோவுடன் (நிர்வாகி உரிமையோடு) கொடுங்கள். இதில் சறுக்குவது பெயரில். எக்ஸ்ரேண்டர் (xrandr) கட்டளை ‘எச்டிஎம்ஐ-1’ என்று காட்டும் துளைக்குக் கேர்னலில் ‘எச்டிஎம்ஐ-ஏ-1’ என்று பெயர். அந்த ‘ஏ’யை விட்டால் எதுவும் மாறாது, பிழையென்றும் சொல்லாது.

கேள்வி: மொனிட்டருக்குப் பதில் தொலைக்காட்சியில் கொழுவினேன். மேலுள்ள பட்டை பாதி வெட்டுப்படுகிறது. (வாசகர், மருதானை)

லினக்ஸில் கை வைக்க வேண்டாம். தொலைக்காட்சிதான் படத்தை ஓரம் தள்ளிப் பெரிதாக்குகிறது. அதன் படஅளவு மெனுவில் சாம்சுங் என்றால் ‘ஸ்கிரீன் ஃபிட்’, எல்ஜி என்றால் ‘ஜஸ்ட் ஸ்கேன்’.

கேள்வி: புது ரேடியன் ஆர்எக்ஸ் 9070 கார்ட்டில் டெபியன் 12 சரியாகப் படம் காட்டவில்லை. (வாசகர், கிராண்ட்பாஸ்)

டெபியன் 12 வந்தது 2023இல், கேர்னல் 6.1 உடன். உங்கள் கார்ட் சந்தைக்கு வந்தது 2025 மார்ச்சில். பிறக்காத கார்ட்டை அந்தக் கேர்னல் எப்படி அறியும்? கேர்னல் 6.12 உள்ள டெபியன் 13, அல்லது 6.14 உள்ள உபுண்டு 24.04.3 போடுங்கள். உபுண்டுவில் கடைசி ‘.3’ முக்கியம், 2024இல் வந்த முதல் 24.04 ஐஎஸ்ஓவில் (நிறுவல் கோப்பில்) இருப்பது 6.8.